உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்

காலை எட்டு மணிக்கு உணவகத்தின் சமையலறைக்குள் நுழைந்ததும் மாஸ்டரம்மா செய்கிற முதல் வேலை, ஃபிரிட்ஜின் கயிற்றை அவிழ்ப்பது. அந்த ஃபிரிட்ஜின் கதவு தானாக மூடி நிற்காது. கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, பக்கத்து ஜன்னல் கம்பியோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வரும். நேற்று மிச்சமானது, முந்தாநாள் மிச்சமானது என்று வரிசையாகப் பாத்திரங்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மூடியிலும் தேதி எழுதிய ஒரு ஸ்டிக்கர். பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அன்றைய தேதியை எழுதி ஒட்டுவாள். தேதி புதிதாகிவிடும். கறி என்னவோ பழைய கறிதான்.

சுவரில் மூன்று வெட்டுப் பலகைகள் ஆணியில் தொங்கின. சிவப்புப் பலகை பச்சை இறைச்சிக்கு, பச்சைப் பலகை காய்கறிக்கு, வெள்ளை ரொட்டிக்கு. மூன்றிலும் ஒரு கத்திக் கீறல்கூடக் கிடையாது. உண்மையான வேலையெல்லாம் நடுவில் குழி விழுந்த ஒரு மரப்பலகையில்தான். கோழியை வெட்டி, துணியால் ஒரு இழுப்பு இழுத்து, அதிலேயே வெள்ளரிக்காயை நறுக்குவார்கள். அந்தத் துணியின் கதையைச் சொன்னால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். விட்டுவிடுவோம்.

மாஸ்டரம்மா கெட்டவள் இல்லை. ஃபிரிட்ஜ் கதவைப் பற்றி முதலாளியிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அவர், "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்றார். நான்காவது முறை அவள் சொல்லவில்லை. தினமும் நிற்கிற இடத்தின் அழுக்கு மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அவளுக்கும் போய்விட்டது. ஆனால் ஒன்று. பதினொரு மணிக்குச் சமையலறை ஆட்கள் சாப்பிட உட்காரும்போது மட்டும் புதிதாக முட்டை பொரித்துக்கொள்வார்கள். பழைய பாத்திரங்களை ஒருவரும் தொட மாட்டார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அவள் மனசு அந்தச் சமையலறையிலேயே இல்லை என்பதும் உண்மை. அது கடலில் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறார். ஒன்பது மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு கப்பல் முடிந்து அங்கேயே அடுத்த கப்பல் ஏறி, இப்போது இருபத்திரண்டு மாதம். பிள்ளைகள் இல்லை. வீடு என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் இல்லையென்றால் வீடே பாதிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். யாரும் போடாத சட்டைக்கு அழுக்கு எங்கிருந்து வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "தூசி படியுது" என்றாள்.

கப்பலுக்கு சிக்னல் கிடைக்கிற நாட்களில் அவருடைய குரல் வரும். வெங்காயம் உரித்துக்கொண்டே காதில் ஒயரை மாட்டிக் கேட்பாள்.

"இன்னைக்கும் டப்பா மீன்தான். கண்ணை மூடிக்கிட்டு உன் கோழிக்கறின்னு நெனச்சு முழுங்கிட்டேன். நெனப்புக்கு உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் வரும். வெங்காயம் என்று சொல்லிவிடலாம், அந்த வசதி சமையல்காரர்களுக்கு உண்டு.

அவளுடைய இந்தக் காத்திருப்புதான் அந்த உணவகத்தின் இரகசிய வார்த்தையாக ஆனது. உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் உள்ளே தகவல் போக வேண்டும். சாப்பிடுகிறவர்கள் முன்னால் "ஆபீசர் வந்துட்டார்" என்று கத்த முடியுமா? என்ன வார்த்தை வைக்கலாம் என்று முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, பரிமாறுகிறவன் யோசனை சொன்னான். ஆள் நல்ல குண்டு, அதனால் எல்லோருக்கும் அவன் ஒல்லி.

"மாஸ்டரம்மா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்னு சொல்லிடலாம் முதலாளி. யாருக்கும் சந்தேகம் வராது. அவரு வரப் போறதும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

அன்றிலிருந்து, தட்டு வாங்குகிற சதுர ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்தால் உள்ளே புயல் அடிக்கும். பழைய பாத்திரங்கள் பின்வாசல் வழியாக முதலாளியின் வேனுக்குள் போகும். மரப்பலகை மூட்டைக்குப் பின்னால் ஒளியும், மூன்று வண்ணப் பலகைகள் கீழே இறங்கும். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, வாய்க்கு மறைப்பு. தரையில் ஒரு வாளி மருந்துத் தண்ணீர். பத்து நிமிடத்தில் சமையலறை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். ஆய்வாளர் மூக்கைத் தூக்கியபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை அந்தக் குரல் வரும்போதும், அரை நொடி, வெறும் அரை நொடி, அவள் அதை நம்பிவிடுவாள். கரண்டி கையில் நின்றுவிடும். அப்புறம்தான் புத்தி வந்து தொப்பியைத் தேடுவாள். ஆறு முறை ஆய்வு நடந்தது. ஆறு முறையும் அந்த அரை நொடி அவளுக்கு வலித்தது.

அந்தப் புதன்கிழமை மதியம் கூட்டம் அதிகம். முந்தின நாள் பிற்பகல் முழுக்க மின்சாரம் இல்லை. திங்கட்கிழமைக் கோழிக்கறி ஃபிரிட்ஜுக்குள் வெதுவெதுப்பாகக் கிடந்து, மறுபடி குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்ததும் மாஸ்டரம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு மசாலாவைத் தூக்கலாகப் போட்டு, அடுப்பில் ஏற்றி, நன்றாகக் கொதிக்கவிட்டாள். கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. பாதிச் சமையல்காரர்களின் நம்பிக்கையும் அதுதான். கெட்டுப்போன கறியில் ஊறிய விஷம் சில நேரம் எத்தனை கொதி கொதித்தாலும் போகாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு ஒருவர் உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த முகம், தோளில் ஒரு பை. மூலையில் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்து, வாசனையை இழுத்தபடி சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி வந்து நின்றதும், "கோழிக்கறியும் சோறும் குடுங்க தம்பி" என்றார். ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து, ஒல்லியைப் பக்கத்தில் அழைத்து, குறும்பாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, உள்ள மாஸ்டரம்மாகிட்ட போய், உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்னு சொல்லுங்க."

ஒல்லி கையிலிருந்த தட்டை அப்படியே மேசையில் வைத்தான். இத்தனை நாளும் இவர்கள் ஆய்வாளருக்கு வைத்திருந்த வார்த்தையை, முன்பின் தெரியாத ஒருவர், இவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரிக்கிறார். அவன் கல்லாப்பெட்டிக்கு ஓடினான்.

"முதலாளி, புது ஆபீசர் போல. மாறு வேஷத்துல வந்து சாப்பிட்டே முடிச்சுட்டார். நம்ம வார்த்தையைக்கூட கண்டுபிடிச்சு வச்சிருக்கார்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னார். "மாஸ்டரம்மா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்."

உள்ளே கரண்டி அரை நொடி நின்றது. பிறகு புயல் அடித்தது.

வெளியே முதலாளி வந்தவருக்கு ஒரு குளிர்பானம் வைத்து, கை கட்டி நின்றார். "பத்தே நிமிஷம் சார். வேலையா இருக்காங்க."

"சாரா? நமக்குள்ள எதுக்குங்க. வரட்டும், மெதுவா வரட்டும்" என்றார் அவர். ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது. எஞ்சினில் பழுது என்று கப்பல் எதிர்பாராமல் இந்தக் கரையில் நின்றிருந்தது. துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணம். ஐந்து மணிக்கு அவர் மறுபடி பஸ் ஏறியாக வேண்டும். இருபத்திரண்டு மாதத்துக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். அதில் கால் மணி நேரம், அவருடைய மனைவி அவரிடமிருந்து அழுக்கை ஒளித்துவைப்பதில் போய்க்கொண்டிருந்தது.

"வாங்க சார், உள்ளயே பார்த்துடுங்க" என்று கடைசியில் முதலாளி அவரை அழைத்துப்போனார்.

சமையலறை பளபளவென்று இருந்தது. நடுவில் மாஸ்டரம்மா தொப்பி, கையுறை, வாய்மறைப்புடன், சொல்லிக்கொடுத்தபடி தலையைக் குனிந்து நின்றாள்.

"வணக்கம் சார்."

"என்னடி, என்னைப் போய் சார்ங்கிற?"

அவள் நிமிர்ந்தாள். அந்த அரை நொடி இந்த முறை முடியவே இல்லை. வாய்மறைப்பைக் கீழே இழுத்தாள். அவர் முகத்தைத் தொடப் போய், கையுறை இருப்பதைப் பார்த்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் தொட்டுப் பார்த்தாள். ஆள் நிஜம்தான். ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். "உக்காருங்க, ஒரு நிமிஷத்துல கோழி வாங்கிட்டு வரச் சொல்றேன், எத்தனை நாளா கேட்டுட்டிருந்தீங்க."

"அதெல்லாம் ஆச்சு. வந்ததும் ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுத்தான் உன்னைக் கூப்பிடவே சொன்னேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கோழிக்கறிதான். வேற என்ன?"

அவள் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனார். "முதல் வாய் கொஞ்சம் புளிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷமாகப் போகுதே, உன் கை ருசி மாறியிருக்காது, என் நாக்குதான் மறந்துபோச்சுன்னு நெனச்சேன். அப்படியே சாப்பிட்டுட்டேன்."

முதலாளி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார். சொல்லாமலும் இருக்கலாம்தான். கப்பல்காரர், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆகிவிட்டால்? நடுக்கடலில் டாக்டருக்கு எங்கே போவது? அதைவிட அவளைக் குத்தியது வேறு. தன் நாக்கின் மேல் சந்தேகப்பட்டாரே தவிர, அவள் கையின் மேல் சந்தேகப்படவில்லை அந்த மனிதர்.

"உங்க நாக்கு மறக்கலைங்க" என்றாள். "அது திங்கட்கிழமைக் கறி. நேத்து கரண்டும் இல்ல. வாடை வந்துச்சு, எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மசாலாவைப் போட்டுக் கொதிக்க வச்சேன்."

அவர் குனிந்து, அவள் கழற்றி எறிந்த கையுறையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, தெருமுனை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். இரண்டரை மணிக்கு அவருக்கு வயிற்றைப் பிரட்டியது. மூன்று மணிக்குள் நான்கு முறை வாந்தி எடுத்துவிட்டார். கட்டிலில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எத்தனையோ நாள் அவர் வந்தால் என்னென்ன சமைப்பது, எங்கே போவது, எதையெல்லாம் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். இப்போது ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"அழாத" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "உன்னைப் பார்த்துட்டேன்ல."

கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே கேட்டார். "எனக்கு நீ சொல்லிட்ட. பக்கத்து மேசையில ஒரு அம்மா, குழந்தைக்கு அதே கறியைப் பிசைஞ்சு ஊட்டிட்டிருந்தாங்க. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அதற்குப் பதில் வாசல் வழியாகவே வந்தது. நான்கு மணி சுமாருக்கு ஒரு பெண் துவண்டுபோன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவங்கதான்" என்றார்.

டாக்டர் அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து என்ன சாப்பிட்டான்? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"மதியம் கடையிலகூட சூடாத்தான் ஊட்டினேன், வீட்ல எல்லாம் சுத்தமாத்தான் டாக்டர் செய்வேன். என்ன ஒத்துக்கலைன்னே தெரியல. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல."

மாஸ்டரம்மாவின் கைப்பேசி அடித்தது. முதலாளி. "வெயிலுக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிடுங்க மாஸ்டரம்மா. கடை பேரு வெளிய வரவேணாம். நாளைக்கே புது ஃபிரிட்ஜ் வாங்கிடலாம்."

"நாளைக்கு வாங்குற ஃபிரிட்ஜ் இன்னைக்குச் சாப்பிட்டவங்களுக்கு எதுக்கு முதலாளி?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை அணைத்தாள். எழுந்துபோய் டாக்டர் பக்கத்தில் நின்றாள்.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர். குழந்தை என்ன சாப்பிட்டுச்சுன்னு நான் சொல்றேன். நான்தான் சமைச்சேன்."

அந்தத் தாய் அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். குழந்தைக்கும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் இருந்தது. அதே தாள் அவர்கள் உணவகத்திலும் உண்டு, அலமாரிக்குப் பின்னால். எண்ணை அழுத்தி, உணவகத்தின் பெயரையும், தெருவையும், தன் பெயரையும் சொன்னாள்.

ஐந்து மணி நெருங்கியதும் அவர் கிளம்ப எழுந்தார். இந்த உடம்போடு போகக் கூடாது என்றார் டாக்டர். கப்பல் காத்திருக்காது என்றார் அவர். மாத்திரை, உப்புக்கரைசல் பொட்டலங்கள் எல்லாவற்றையும் பையில் போட்டு, பஸ் நிறுத்தம் வரை அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். அடுத்தது எப்போது என்று கேட்டாள். ஏழெட்டு மாதம் ஆகும் என்றார்.

"அடுத்த தடவை முன்னாடியே சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

"வேணாங்க. சொல்லாமலே வாங்க. எப்ப வந்தாலும் சாப்பிடுற மாதிரி இருக்கும்."

பஸ் கிளம்பியது. ஜன்னலில் அவர் கை தெரிந்தவரை பார்த்தாள். தெரியாமல் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தபோது உணவகம் திறந்திருந்தது, சாப்பிட ஆள் இல்லை. முதலாளி கல்லாப்பெட்டி ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டரம்மா தொப்பி போடவில்லை, தரை கழுவவில்லை. வேனிலிருந்து திரும்ப எடுத்து வைத்திருந்த பாத்திரங்களோடு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். மரப்பலகையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அந்தத் துணியையும் வைத்தாள். எந்தப் பாத்திரம் என்றைக்குச் சமைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஆய்வாளர் தன் கோப்பைப் புரட்டினார். தன் கையெழுத்தில் ஆறு முறை "திருப்தி" என்று இருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு தடவை வந்திருக்கேன்மா. நீங்க காட்டினதை மட்டும் பார்த்துட்டுப் போயிருக்கேன். உங்க மேல எழுதுற இதே தாள்ல என்னைப் பத்தியும் எழுதணும்" என்றார். பிறகு, "குழந்தை இப்ப பரவாயில்லை. ஆஸ்பத்திரியில விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் கூப்பி ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

"கடையை மூடி சீல் வைக்கணும். உங்க மேலயும் நடவடிக்கை வரும். உங்க வாக்குமூலம் வேணும். என்ன எழுதிக்கட்டும்?" ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"ஃபிரிட்ஜ் சரியில்லைன்னு எழுதிடாதீங்க சார். கரண்டு போச்சுன்னும் எழுதிடாதீங்க" என்றாள் மாஸ்டரம்மா. "என் வீட்டுக்காரருக்குன்னா அந்தக் கறியைக் கொட்டிட்டு வேற சமைச்சிருப்பேன். யாரோ ஒருத்தர்தானேன்னு நெனச்சுத்தான் அடுப்புல ஏத்தினேன். யாரோ ஒருத்தர்னு உலகத்துல யாருமே இல்ல சார். இங்க வந்து உக்காருற ஒவ்வொருத்தருக்காகவும் ஏதோ ஒரு வீட்ல யாரோ வழி பார்த்துட்டிருக்காங்க. அதை மறந்துட்டுச் சமைச்சேன். அப்படியே எழுதிக்குங்க."